ஒரு டின் புகைமீனும் கை நனைக்காத விருந்தாளியும்

கை நனைப்பது என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிற பெண் வீட்டார், முடிவு சொல்லும்வரை அங்கே எதையும் வாயில் வைக்கமாட்டார்கள். பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இருக்கட்டும், இன்னொரு நாள் ஆகட்டும்" என்பார்கள். அந்த இன்னொரு நாள் கடைசிவரை வராமலே போன வீடுகள் எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டால் சம்மதம். கை நனைத்துவிட்டுப் பெண் இல்லை என்று சொல்கிறவனை ஊரில் யாரும் மதிக்கமாட்டார்கள். கப்பலேறி வந்தபோது எத்தனையோ வழக்கங்களை நாகப்பட்டினத்துக் கரையிலேயே விட்டுவிட்டு வந்த எங்கள் ஆட்கள், இதை மட்டும் பத்திரமாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ராபின்சன் ரோட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் பில் எழுதும் குமாஸ்தா. அதே கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்பதை அவளே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அவ்வளவு சூட்டிகையான ஆள் நான். அவளுடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக்காரர்களோடு பழகிப் பழகி, நெற்றியில் திருநீறும் காலில் பளபளக்கும் ஷூவுமாக இருப்பவர். மகள் என்னைப் பற்றிச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தப் பையன் இருக்கிற இடத்தைப் பார்த்துட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னாராம்.

நான் இருந்த இடம் பார்த்துவிட்டு வரும்படியான இடமில்லை. கேம்பல் லேனில் ஒரு பூக்கடைக்கு மேலே மாடியறை. ஊரில் அப்பா அம்மா, இங்கே எனக்கென்று பேச ஒரு சொந்தமும் கிடையாது. அறையில் என்னோடு இருந்தவர் ரேஸ்கோர்ஸ் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். நல்ல மனிதர். அந்த நல்ல மனதால்தான் எல்லாம் கெட்டது.

"அப்பா கை நனைக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வருவார்" என்றாள் அவள், சாப்பாட்டு நேரத்தில் டைப்ரைட்டருக்குப் பின்னால் இருந்தபடி. "வடை வச்சா தொடமாட்டார். கேசரி வச்சா பார்க்கவே மாட்டார். ஆனா டின்ல வருமே, புகை போட்ட மீன், அதை மசிச்சு ரொட்டியில தடவி வச்சீங்கன்னா அவரால சும்மா இருக்க முடியாது. ஞாயித்துக்கிழமை நாலு மணி டீக்கு அது இல்லேன்னா எங்க வீட்டுல சண்டை."

செய்முறையையும் அவளே சொன்னாள். டின்னைத் திறந்து எண்ணெயை வடிக்க வேண்டும். நடு முள்ளை உருவிவிட்டு, முள்கரண்டியால் மீனை மசிக்க வேண்டும். பாதியளவு வெண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள். எல்லாவற்றையும் குழைத்து ஐஸ் மேல் வைத்துக் குளிரவிட்டு ரொட்டியில் தடவினால் ஆயிற்று. அடுப்பே வேண்டாம். இவ்வளவு சுலபமான ஒன்று என் வாழ்க்கையைத் தீர்மானிக்கப்போகிறது என்பதில் எனக்கு நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கை பிறந்தால் எனக்குக் கெட்ட காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மீன் டின்னை ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் கடையில் வாங்கினேன். தேக்காச் சந்தையில் கிடைக்காத மீன் ஒன்று உலகத்தில் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டின்னைத் திறந்து எண்ணெயை வடித்து ஒரு சட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டு, ரொட்டியும் வெண்ணெயும் ஐஸும் எலுமிச்சையும் வாங்கக் கீழே இறங்கினேன். சமையல்காரர் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

திரும்பி வந்தபோது அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நெற்றி வியர்க்க நின்றிருந்தார். முகத்தில் பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி.

"நல்லவேளை தம்பி, நான் முழிச்சேன்" என்றார். "டின்காரன் உங்களை ஏமாத்திட்டான். மீனைத் தீய விட்டு அடைச்சிருக்கான். மூடியைத் திறந்தா ஒரே புகை நாத்தம். வர்றவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அண்ணே, என்ன பண்ணீங்க?"

"மஞ்சள் போட்டு அலசினேன். போகலை. புளித்தண்ணில ஊற வச்சேன். கொஞ்சம் போச்சு. அரிசி கழுவின தண்ணில மூணு தடவை அலசினேன் பாருங்க, சுத்தமா போயிருச்சு. இப்ப மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். சுத்தமாகத்தான் போயிருந்தது. சட்டியில் மஞ்சள் நிறத்தில் ஏதோ பஞ்சுபோலக் கிடந்தது. அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. நம்முடைய சமையலில் புகை வாடை அடித்தால் அது சமைத்தவளுக்கு அவமானம். அடிப்பிடித்த குழம்பை ஊற்றிய மருமகளை எத்தனை வருஷமானாலும் சொல்லிக்காட்டுவார்கள். அப்படியிருக்க, வெள்ளைக்காரன் வேண்டுமென்றே புகை போட்டு, அதற்கு விலையும் வைத்து விற்பான் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதுவிடுவாரோ என்று என் கவலையை விட்டுவிட்டு அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. நேரமோ மூன்றைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அரை நாளோடு ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடையை மூடியிருப்பார்கள்.

"புகையை எடுத்தவன் நான், நானே திருப்பி வச்சிர்றேன்" என்று திடீரென்று எழுந்தார். "பிரியாணிக்குத் தம் போடும்போது கரித்துண்டு நெருப்பை நடுவுல வச்சு நெய் ஊத்தி மூடுவோம். புகை அப்படியே இறங்கிரும். நீங்க கவலைப்படாதீங்க லா."

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு கரித்துண்டு போதாது, போனது பெரிய புகை என்று கணக்குப் போட்டு, கரியடுப்பில் தேங்காய் மட்டையையும் நாரையும் அடைத்து, அதன் மேல் நெய்யை ஊற்றினார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஆயிற்று. அறை மறைந்தது. அவர் மறைந்தார். "இறங்குது தம்பி, நல்லா இறங்குது" என்று இருமலுக்கு நடுவே குரல் மட்டும் வந்தது. நான் தடவிக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்தேன்.

ஜன்னலைத் திறந்தது இன்னொரு தவறு. அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசைகள் வரிசை வரிசையாக எரிந்துகொண்டிருந்த காலம் அது. புகையைக் கண்டால் யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள். தெருவில் யாரோ தீ என்று கத்த, கீழே பூக்கடைக்காரர் மல்லிகைச் சரம் நனைத்து வைத்திருந்த வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அவருக்கு முன்னால் அதே படியில் இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

வெள்ளைக் கால்சட்டையும் குடையுமாக அவளுடைய அப்பா, அந்தப் பெரியவர்; பின்னால் பழத்தட்டோடு அவருடைய அக்கா, அவளுக்கு அத்தை. கதவைத் தாண்டி அவர்கள் உள்ளே காலெடுத்து வைக்கவும், "நகருங்க நகருங்க" என்று பூக்கடைக்காரர் வாளியை வீசவும் சரியாக இருந்தது. அடுப்பு அணைந்தது. பெரியவரின் இடது தோளும் நனைந்தது. புகை மெல்ல விலகியபோது, சட்டைக் காலரில் ஐந்தாறு மல்லிகைப் பூக்களோடு, நின்றுகொண்டிருந்தார் என் தலையெழுத்தைத் தீர்மானிக்க வந்தவர்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நாளைக்கு டைப்ரைட்டருக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று யோசித்தேன்.

"உள்ளே காலை வச்சதும் பூ விழுந்திருக்கு" என்றார் அத்தை, அமைதியாக. "நல்ல சகுனம்ப்பா." அந்த அம்மாவுக்கு அன்றைக்கே கோயில் கட்டியிருக்க வேண்டும்.

பெரியவருக்குத் துண்டு கொடுத்தேன். துடைத்துக்கொண்டார். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதையும் நீட்டுமுன்பே, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி. இன்னொரு நாள் ஆகட்டும்" என்றார். அந்தச் சொற்களைக் கேட்டதும் அடுப்பைப் போலவே நானும் அணைந்தேன்.

பிறகு அவர் மூக்கு லேசாக அசைந்தது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"என்ன வாசனை இது? ஏதோ மீன் மாதிரி..."

சமையல்காரர் சட்டியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினார். மறைக்கத் தெரியாத மனிதர். மஞ்சள், புளி, நெய், தேங்காய் நார்ப் புகை எல்லாம் சேர்ந்து மேலே வந்தன. என்ன நடந்தது என்பதையும் ஒன்றுவிடாமல் அவரே சொன்னார். மூன்று தடவை அலசியதைச் சொல்லும்போது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். பிணம் கிடக்கிற வீட்டில்கூட அவ்வளவு துக்கமாக யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"புகையைக் கழுவினீங்களா?" என்றார். "அந்த மீன்ல இருக்கிறதே புகைதானய்யா."

அத்தை பழத்தட்டை என் பக்கம் நகர்த்தினார். வாழைப்பழம், ஆரஞ்சு, வெற்றிலை. அதற்கு அடியில் ஒரு டின். "கிளம்பும்போது எங்க பொண்ணுதான் இதையும் வச்சுவிட்டா. வெறுங்கையோட போகாதீங்கன்னா" என்றார். என் சமர்த்தை அவள் எவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

டின்னைப் பார்த்ததும் பெரியவருக்குக் கை பரபரத்தது. "இங்க கொண்டாங்க. எப்படிப் பண்றதுன்னாவது தெரிஞ்சுக்கிடுங்க. தெரியாம ஒரு மீனைக் கொன்னது போதும்" என்று சட்டைக் கையை மடித்தார். டின்னோடு ஒட்டியிருந்த சாவியால் தகரத்தைச் சுருட்டித் திறந்தார். எண்ணெயை வடித்தார். முள்ளை ஒரே இழுப்பில் உருவினார். என் வெண்ணெயைப் போட்டு மசித்தார். ஐஸ் பாதி கரைந்துவிட்டதற்கு என்னைத் திட்டினார். எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, "எவ்வளவு புளிப்பான பழம் வாங்கியிருக்கீங்க" என்று அதற்கும் திட்டினார். திட்டத் திட்ட அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"புளிப்பு தூக்குது. ஒரு சிட்டிகை உப்பு கொடுங்க" என்றார்.

சமையல்காரர் உப்பு ஜாடியை நீட்டினார். பெரியவர் உப்பைத் தூவினார், குழைத்தார், ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துத் தாராளமாகத் தடவினார். "இது, இப்படி இருக்கணும்" என்று சொல்லி ஒரு கடி கடித்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கடி கடித்தார்.

வாளியோடு வாசலில் நின்ற பூக்கடைக்காரருக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது.

"ஏம்பா" என்றார் அத்தை. "கை நனைச்சிட்டே."

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். கையிலிருந்த பாதித் துண்டைப் பார்த்தார். கடற்படைத் தளத்தில் எத்தனையோ கடிதங்களுக்குச் சாமர்த்தியமாகப் பதில் எழுதியவர், வழி தேடினார்.

"இது நம்ம வீட்டு மீன்க்கா. நம்ம டின். நம்ம வீட்டுச் சாப்பாட்டை நான் எங்க வச்சுச் சாப்பிட்டா என்ன?"

"மீன் நம்மளுது. ரொட்டி அவங்களுது. வெண்ணெயும் அவங்களுது."

"ருசிதான் பார்த்தேன்."

"உப்பு?" என்றார் அத்தை. "கேட்டு வாங்கிப் போட்டியே, அது யார் வீட்டு உப்பு?"

தமிழன் எவனும் உப்பு விஷயத்தில் விளையாடமாட்டான். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். தோளில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மல்லிகையை எடுத்து மேசையில் வைத்தார். சமையல்காரர் இன்னும் உப்பு ஜாடியைப் பிடித்தபடி, தான் திரும்பவும் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து அதை மெல்ல மூடினார்.

பெரியவர் பாதித் துண்டையும் வாயில் போட்டு நிதானமாக மென்று விழுங்கினார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். வந்ததிலிருந்து தம்பி தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல், சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாப்பிள்ளை, ரொட்டியை இன்னும் கொஞ்சம் மெல்லிசா வெட்டுங்க."