பதினாலு கம்பி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வருஷம்கூடச் சரியாக நினைவில்லை, ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் தீப்பெட்டி அளவுள்ள இந்தச் சாமானை மட்டும் மறக்கவில்லை. மங்கின வெள்ளை நிறம். ஒரு பக்கம் ஒன்பது ஓட்டை. மறுபக்கம் ஊசி மாதிரி கம்பிகள், மூன்று வரிசை. இதை எழுதும்போதும் என் மடியில்தான் கிடக்கிறது. இப்போதுகூட எண்ணினேன். பதினாலு.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் டைப் அடிக்கும் கடை ஒன்று இருந்தது. நடத்திய அம்மா முன்பு டைப் சொல்லிக்கொடுத்தவர், அதனால் எல்லாருக்கும் அவர் டீச்சர். நான் அங்கே பெருக்கித் துடைத்துத் தண்ணீர் பிடித்து வைப்பேன். வீட்டுக்காரர் படுத்த படுக்கை, அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. திங்கட்கிழமை மனு நாள். பட்டா, பென்ஷன் என்று மனு அடிக்கச் சுற்றுவட்டாரத்து ஜனம் காலையிலேயே வாசலில் நிற்கும்.

டீச்சர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஆனால் எழுத்துத் தெரியும் பெட்டி மட்டும் பழசு. கண்ணுக்குப் பழகினது, மாற்ற மாட்டேன் என்று பிடிவாதம். பழசின் ஒயர் முனையில் ஒன்பது கம்பி, புதுசின் முதுகில் பதினைந்து ஓட்டை. எப்படிச் சேரும்? கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் மெக்கானிக்தான் மெட்ராஸில் தேடி இந்தச் சாமானைக் கொண்டுவந்து நடுவில் சொருகினார். "டீச்சரம்மா, இது போச்சுன்னா வேற கிடைக்காது. அதோட உங்க பெட்டிக்கும் காரியம் பண்ணிட வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் வருவதற்குள் ஒட்டடை அடித்தபோது அந்தச் சாமான் கழன்று கையோடு வந்துவிட்டது. திருப்பிச் சொருகினேன், உள்ளே போகவில்லை. அழுத்தினேன். நறுக் என்றது. வேறு பக்கமாகத் திருப்பி வைத்தேன், உள்ளே போய்விட்டது. நறுக்கென்றது அதுவா, என் கண்ணாடி வளையலா, தெரியாது.

டீச்சர் வந்து சுவிட்ச் போட்டார். பெட்டி இருட்டாகவே இருந்தது. சாமானைப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்து எண்ணினார்.

"இன்னாக்கா, கம்பி ஒண்ணு கம்மியா இருக்கு?"

"நான் தொடவே இல்ல டீச்சர்."

"தொடலியா? அப்போ ஒட்டடை தானா எறங்கிப் போச்சா?"

வரிசையில் நின்ற பெரியவர் ஒருத்தர், "கம்பியக் காணோம்னு நீங்களும் ஒரு மனு குடுத்துடுங்கம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "மெக்கானிக் வரட்டும். ஒடைஞ்சிருக்குன்னு அவர் சொல்லிட்டா, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்க்கா."

மெக்கானிக் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வளைந்திருந்த ஒரு கம்பியைச் சின்னக் குறடால் நிமிர்த்தினார். "பதினஞ்சு ஓட்டைக்குப் பதினாலு கம்பியா? எண்ணிப் பாருங்க" என்றார் டீச்சர். மெக்கானிக் எண்ணவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இது வரும்போதே பதினாலுதான் டீச்சரம்மா. நடு வரிசையில ஒண்ணு விட்டுத்தான் செய்றான்."

"ஏன் விடறான்?"

"அத செஞ்சவனத்தான் கேக்கணும்."

சொருகினார். பெட்டியில் வெளிச்சம் வந்தது. ஜனம் மனுவோடு உள்ளே நெருக்கியது. அந்தச் சந்தடியில் அவர் குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். திருகாணியா, கம்பியா?

டீச்சர் பாதிதான் நம்பினார். அன்றிலிருந்து நான் பெருக்கி முடித்ததும் அதைக் கழற்றி எண்ணிவிட்டுத்தான் மறுபடி மாட்டுவார். எனக்கோ மெக்கானிக் மேல் சந்தேகம். எனக்காக எதற்குப் பொய் சொன்னார், பதிலுக்கு என்றைக்கு என்ன கேட்பார் என்று அவர் வரும் நாளெல்லாம் யோசிப்பேன். அவர் கேட்டதெல்லாம், "டீ குடிச்சியாக்கா?" அவ்வளவுதான். அதனாலேயே சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது. வாய் திறந்து கேட்க எனக்குக் கூச்சம். இப்போது அவர் உயிரோடு இல்லை.

கடையை மூடின அன்றைக்கு டீச்சர் இந்தச் சாமானை என் கையில் வைத்தார். "எண்ணி வாங்கிக்கோக்கா" என்றார். கேலியா, மன்னிப்பா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முன்னாலேயே எண்ணி வாங்கிக்கொண்டேன்.

இப்போது இதைச் சொருகுகிற மாதிரி பெட்டியை எங்கேயும் காணோம். பரணில் பழைய கம்ப்யூட்டர் ஒயர் வைத்திருப்பவர்கள் யாராவது அதன் முனையில் இருக்கிற கம்பிகளில் நடு வரிசையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். அதிலும் ஒன்று விட்டிருந்தால், அன்றைக்கு அந்தக் கடையில் பொய் சொன்னது நான் ஒருத்திதான். அந்த மனுஷனை இத்தனை வருஷம் சந்தேகப்பட்டதை நிறுத்திவிடுவேன். தயவுசெய்து இரண்டு தடவை எண்ணுங்கள்.