பல் முளைத்த போர் விமானம்

சாப்பாட்டு மேஜைக்கு மேலே இரண்டு ஆள்காட்டி விரல்களை நீட்டி, இறக்கைகளுக்கு அடியில் கொடுத்து, விமானத்தை மெல்லத் தூக்குகிறார் பல்செட். மூச்சு விடுவதில்லை. விமானம் ஒரு கணம் யோசித்துவிட்டு வாலைத் தொங்கப் போடுகிறது. "பின்பாரம்" என்கிறார், பக்கத்து வீட்டுக்காரரின் நடத்தையைப் பற்றிச் சொல்வதுபோல.

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே கோபம் வந்தால்தான் ஞாபகம் வரும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு டூத்பிரஷ், வாயை அளவெடுத்து வார்த்த மாவு அச்சில் தூசி தட்டுவதற்கு. யாராவது அவர் எதிரில் சிரித்துவிட்டால் தீர்ந்தது. "குறுக்கத் தேய்க்கிறீங்க போல. மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல. அவ்வளவுதான் விஷயம்!" கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்கே சொன்னவர்.

அவருடைய ரிமோட் போர் விமானம் சாம்பல் நிறத்தில் வாங்கியது. நாலு தடவை விழுந்து நாலு தடவையும் வால் முறிந்தது. உடைந்த இடத்தையெல்லாம் ஈறு செய்கிற ரோஸ் கலவையால் ஒட்டியதில், இப்போது வெட்கப்படுகிற மாதிரி இருக்கிறது. கனம் குறையட்டும் என்று இறக்கைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் குண்டுகளையும் கழற்றிவிட்டார்.

"குண்டு போடுற பிளேன்ல குண்டையே காணோம். அப்ப எதுக்குங்க போகுது, காத்து வாங்கவா?" என்றார் மனைவி.

அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். மூன்று மாதமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமைதான் கடைசி. முழுசா இறங்கினா மேஜை உங்களுக்கு. உடைஞ்சா பரண்ல ஏத்திடுவேன். பிளேனையா உங்களையான்னு அப்புறம் சொல்றேன்."

இவரை விட்டு விலகிப் பறக்கும்போது விமானத்தால் தொல்லை இல்லை. திரும்பி இவரைப் பார்த்து வந்தால்தான் அதன் இடது இவருக்கு வலதாகிவிடும். நாலு தடவையும் விழுந்தது அங்கேதான். இத்தனைக்கும் பட்டறையில் இவரைப் பார்த்தபடி இருக்கிற மாவு அச்சின் வாயில் இடது வலது ஒருநாளும் தப்பியதில்லை.

முதலில் பின்பாரத்தைச் சரிசெய்ய மூக்கில் கனம் ஏற்ற வேண்டும். வேறு ஆளாக இருந்தால் ஈயத்துண்டை ஒட்டியிருப்பார். விமானம் வந்த அட்டைப்பெட்டியில், மூக்கில் சுறாப் பல் வரைந்த படம் ஒன்று இருந்தது. "வரையறதா? பல்லுன்னா பல்லா இருக்கணும்." யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போன ஒரு முழு செட் அலமாரியில் கிடந்தது. அந்த ஆள் புதுப் பல்லுக்குக்கூடக் காத்திராமல் யாருடனோ ஊரைவிட்டுப் போய்விட்டதாகக் கேள்வி, அது நமக்கெதற்கு? காற்றாடிக்குக் கீழே மேல்வரிசையும் கீழ்வரிசையும் பதிந்ததும், விமானம் விரல்களின் மேல் ஆடாமல் நின்றது, இளித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை, பந்தாடுகிற மைதானம். விமானம் ஏறியது, வளைந்தது, நேராக இவரைப் பார்த்துத் திரும்பியது. ஒரு பக்க இறக்கை சரிந்தது. ரிமோட்டில் எந்தப் பக்கம் தள்ளுவதென்று பல்செட்டின் கட்டைவிரல் தடுமாறியது. மனைவியின் கால் புல்லை ஓங்கி மிதித்தது, பிரேக் அங்கே இருக்கிற மாதிரி.

"ஏங்க! பிளேன்னு நினைக்காதீங்க! வாயைப் பாருங்க! நீங்க செஞ்ச வாய்தானே அது!"

பார்த்தார். இளித்துக்கொண்டு வந்தது ஒரு வாய்.

"அட, வலது பக்கம்ல இறங்குது" என்று முணுமுணுத்தார். கட்டைவிரல் தானாக நகர்ந்தது. இறக்கை நிமிர்ந்தது. தலைக்கு மேலே சிரித்துக்கொண்டே போன விமானம், ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வயிற்றால் புல்லில் வழுக்கி நின்றது. முழுசாக.

"சாப்பிட எனக்கு ஒரு ஓரமாவது விடுங்க" என்றார் மனைவி, காலை இன்னும் எடுக்காமல்.

பல்செட் காதில் அது விழவில்லை. ஓடிப்போய் மண்டியிட்டிருந்தார். இறக்கை, வால், எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பல் இரண்டில் மண் அப்பியிருந்தது. சட்டைப் பையிலிருந்து பிரஷை எடுத்தார். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே.