பாலைவனத்துக்குப் பட்டி பார்த்த கதை

ஐம்பதை நெருங்கும் ஆள் ஒருவன் மொட்டை மாடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாண் உயர வீட்டின் சுவரைப் பழைய பல் பிரஷ்ஷால் குத்திக்கொண்டிருந்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? நான் கவலைப்பட்டதில்லை. அந்தக் கவலையை என் மனைவி மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

"கேக்கறவங்ககிட்டெல்லாம் கொலுவுக்குச் செய்யறாருன்னு சொல்லிப்போட்டேனுங்க. கொலு முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. இனி என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லிக் குடுங்க."

"அடுத்த கொலுவுக்குன்னு சொல்லு கண்ணு."

நான் செய்துகொண்டிருந்தது ஒரு பாலைவன ஊர். மேசைமேல் கட்டைவிரல் அளவுப் பொம்மை வீரர்களை நிறுத்தி, நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு எங்களுடையது. மொத்தம் ஏழு பேர். சரவணம்பட்டிக் கணினி ஆட்கள் நான்கு பேர், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர் ஒருவர், கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுபவர் ஒருவர், பம்ப்செட் விற்கும் நான். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த மாதம் முதன்முறையாக என் வீடு. "ஊரை நான் கட்டிடறேன், நீங்க படையோட வந்தாப் போதும்" என்று மூன்று மாதம் முன்பே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாயை விட்டிருந்தேன். போதாக்குறைக்கு, முடிந்திருந்த ஒரே வீட்டை மூன்று பக்கமிருந்து படம் பிடித்து, மூன்று வீடுகள் என்று அனுப்பியும் வைத்தேன். அதைப் பார்த்த ஈரோட்டுக்காரர் தன் ஒட்டகப் படை மொத்தத்துக்கும் புதுச் சேணம் தீட்டுவதாகப் பதில் போட்டார். ஊர் இல்லையென்றால் ஒட்டகங்கள் வெறும் மேசையில் நிற்க வேண்டியதுதான்.

சுவர்களுக்குப் பம்ப்செட் பெட்டிக்குள் வரும் தெர்மாகோல். அதன்மேல் பெயிண்டர்கள் சுவர் வெடிப்பை அடைக்கும் பட்டி மாவு, மரப்பசை, சலித்த மணல் மூன்றையும் குழைத்துப் பூச வேண்டும். மணல் சலித்தது மனைவியின் டீ வடிகட்டியில். அதை அவளுக்குச் சொல்லவில்லை. ஈரம் காயும் முன் பிரஷ்ஷால் குத்தினால் மண்சுவரின் சொரசொரப்பு வரும். பிறகு கத்தியால் வெடிப்புக் கீற வேண்டும், அங்கங்கே காரையைப் பெயர்த்துச் செங்கல் கோடு போட வேண்டும். காய்ந்ததும் அடர்ந்த பழுப்பு, அதன்மேல் காவி மஞ்சள். கடைசியாகப் பிரஷ்ஷை வெளிறிய சந்தன நிறத்தில் தொட்டு, ஒன்றுமே மிச்சமில்லை என்று தோன்றும்வரை துணியில் துடைத்துவிட்டு, சுவர்மேல் சும்மா வருட வேண்டும். மேடுகளில் மட்டும் வெயில் விழுந்தது போலாகும். இப்படி ஒன்பது வீடுகள். மூன்று மாதமாக இதே வேலை.

விளையாட்டுக்கு முந்தைய வியாழக்கிழமை. மூன்று வீடுகளுக்கு எல்லாம் முடிந்திருந்தது. ஆறு வீடுகள் வெடிப்பும் செங்கலுமாக, வண்ணத்துக்குத் தயாராக மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் காய்ந்துகொண்டிருந்தன. அதே வாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லியிருந்தாள் மனைவி. வந்த மேஸ்திரிக்கு என் வயதுதான் இருக்கும். அதிர்ந்து பேசாத மனிதர். விரலால் தட்டிப் பார்த்தே சுவர் எங்கே பொக்கையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

மதியம் சாப்பிட வந்தவன் மாடிக்கு ஏறினேன். ஆறு வீடுகளும் உரித்த முட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று பளபளத்தன.

"ஏனுங்க சார், ஒரே வெடிப்பா இருந்துச்சுங்க," என்றார் மேஸ்திரி, தூக்குப்போசியைத் திறந்தபடி. "காரையெல்லாம் பேந்து செங்கல்லு வேற தெரிஞ்சுது. கிண்ணத்துல மிச்சப் பட்டி இருந்துச்சு. அடைச்சு, உப்புத்தாள் போட்டு, பிரைமரும் குடுத்துப்போட்டேனுங்க. அந்த மூணும் அழுக்கேறிக் கெடக்குது. சோறு தின்னுபோட்டு வந்து முடிச்சர்றேன்."

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் வேலை செய்வது கால்கள். கீழே இறங்கினேன். தண்ணீர் குடித்தேன். இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி ஏறினேன். அப்படித்தான் இருந்தது. குழுவில் "காய்ச்சல்" என்று தட்டச்சு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சலை வியாழக்கிழமையே அறிவிப்பவனை யார் நம்புவார்கள் என்று அழித்தேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதலாமென்றால், அவர் கூடத்தில் கல்லுக்குண்டு போல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "என்னுங்க மாப்பிள்ளை, இத்தனை தடவை மாடி ஏறி எறங்கறீங்க, சர்க்கரைக்கு நடக்கச் சொன்னாங்களா?" என்று என் உடம்பைத்தான் விசாரித்தார்.

வேறு வழியில்லாமல் மேஸ்திரியிடமே போனேன்.

"அந்த வெடிப்பு நான் போட்டதுங்க."

"நீங்களேவா?"

"ஆமாங்க. மூணு மாசமா."

"வேணும்னேவா?"

"வேணும்னேதானுங்க."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். வீடுகளைப் பார்த்தார். கையிலெடுத்த சோற்றுருண்டையைப் போசிக்குள்ளேயே வைத்தார். மாடிப்படியில் நின்ற என் மனைவியிடம், "அம்மணி, இதைய முன்னாடியே சொல்றதில்லைங்களா?" என்று கேட்டார்.

"ஊட்டுக்காரரு இப்படின்னு நானா எப்படிங்க சொல்றது?" என்றாள் அவள்.

திட்டத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கேட்காமலே ஒருவருக்கு நல்லது செய்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறவரை எப்படித் திட்டுவது? கத்தியை எடுத்து முதல் வெள்ளைச் சுவரின் நடுவில் ஒரு வெடிப்பைக் கீற ஆரம்பித்தேன். மேஸ்திரி கையை நீட்டித் தடுத்தார்.

"நட்ட நடுச்செவுத்துல அப்படி நேரா வராதுங்க. சன்னல் மூலையில இருந்து கோணலா எறங்கும். முப்பது வருசமா அடைச்சவனுக்குத் தெரியாதுங்களா எங்க வெடிக்கும்னு?"

கத்தியை வாங்கிச் சன்னல் மூலையிலிருந்து ஒரு கோடு இழுத்தார். பாதியில் நிறுத்தி, கொஞ்சம் தள்ளி, மயிரிழையாக இன்னொன்று. அதைப் பார்த்ததும் என்னுடைய மூன்று மாத வெடிப்புகளெல்லாம் கோலப்பொடியில் போட்ட மின்னல் மாதிரி இருந்தன.

"அந்த ஊருல மழை உண்டுங்களா?"

"இல்லீங்க. பாலைவனம்."

"அப்ப ஓதம் வராது. வெயிலுதான். மேக்குச் செவுருதான் மொதல்ல சாகும். கெழக்கு எதுங்க?"

மூன்று மாதமாகத் திசையே இல்லாத ஊரில் குடியிருந்திருக்கிறேன். அவசரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கத்தைக் கிழக்கு என்று அறிவித்தேன்.

வெள்ளியும் சனியும் இருவரும் மாடியில் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டுத் தென்புறச் சுவர் அதனால் பாதியில் நின்றது. மனைவி அதைப் பார்க்காத மாதிரி இருந்தது பெரிய உபகாரம். அவர் வெடிப்பும் பெயர்ப்பும் போட, நான் வண்ணம் கொடுத்தேன். காய்ந்த பிரஷ் வேலை மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. பிரஷ் நிறைய முக்கித்தான் கை பழகியிருந்தது.

"தொட்டு, தொடச்சுப்போட்டு, அப்பறம் அடிக்கற பெயிண்டரை இப்பத்தானுங்க பாக்கறேன்," என்று சிரித்தார்.

மேற்குச் சுவர்களுக்கு மட்டும் இரண்டு வருடல் கூடுதலாகக் கொடுத்தேன். ஊர் வெயிலில் நின்றது. நான் முன்பே முடித்து வைத்திருந்த மூன்று வீடுகளை மேஸ்திரி ஓரக்கண்ணால் பார்த்து, "இது பள்ளிக்கூடத்துப் பசங்க செஞ்சதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அவற்றையும் திருத்தினோம்.

ஞாயிறு காலை எல்லாரும் வந்தார்கள். கருமத்தம்பட்டிக்காரர் மேசை மட்டத்துக்குக் குந்தி, தெருவுக்குள் கண்ணை வைத்து, ஒவ்வொரு சன்னலாக எட்டிப் பார்த்தார். ஈரோட்டுக்காரர் ஒட்டகப் பெட்டியைத் திறக்கக்கூட மறந்து நின்றார்.

"எங்க பழைய குடோன் செவுரு அப்படியே இதாட்டத்தானுங்க இருக்கும். எப்படிங்க செஞ்சீங்க?"

"சும்மா, கவனிச்சுப் பாத்தா வரும்," என்றேன், தயாராக வைத்திருந்த அடக்கத்தோடு.

போண்டாத் தட்டை வைக்க வந்த மனைவி, "மேஸ்திரியும் பாக்க வர்றேன்னாருங்களே, அவருக்கும் எடுத்து வெக்கட்டுங்களா?" என்றாள்.

ஆறு தலைகள் என் பக்கம் திரும்பின. வெள்ளை முட்டைகள், காய்ச்சல் செய்தி, மாமியார்வரை எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர்கள் சிரித்து முடிக்கும்போது மேஸ்திரி சலவைச் சட்டையில் வாசலில் நின்றார். உள்ளே அழைத்து வந்தோம். படைகளை அவர் கவனிக்கவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊரை மட்டும் ஒரு சுற்று வந்தார்.

"எனக்கும் ஒரு கோட்டை வேணுமுங்க. செஞ்சு குடுப்பீங்களா?" என்று ஈரோட்டுக்காரர் அவரிடம் கேட்டார்.

"நீங்க கட்டி வெச்சீங்கன்னா பாழாக்கிக் குடுத்துப்போடலாமுங்க. ஆனா சாரும் வரோணும். அந்தக் காஞ்ச பிரஷ்ஷு எனக்கு ஓடாது."

வேலை நெருக்கடி, வசூல், வெளியூர்ப் பயணம் என்று கொஞ்சம் பிகு பண்ணத்தான் நினைத்தேன். அதற்குள் என் வாய், எந்த பஸ்ஸில் வந்தால் சௌகரியம் என்று ஈரோட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தது.