நடந்தார் என்று எழுதிய தாள்

நிஸாம் நானா போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் ஒரு நோயாளியின் முழங்காலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். "உம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னா, அன்ரி" என்றாள். கல்லடியிலிருந்து பஸ் பிடித்து ஓட்டமாவடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துவிட்டார்கள். அவர் விஷயத்தில் நான் பிந்திப்போனது அதுதான் முதல் தடவை என்று சொல்லமுடியாது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லோரும் அண்ணனாக நினைத்து 'நானா' என்று கூப்பிட்ட அவரை, அவரோடு வேலை செய்தவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், முள்ளந்தண்டு முறிந்தவர்கள், மூட்டு இறுகிப்போனவர்கள் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறார்கள் என்பதைத்தான் அவர் பல வருடங்களாக ஆய்வு செய்தார். வார்டில் எடுத்த அளவை நம்பமாட்டார். "சீமெந்துத் தரையில எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க மிஸ். வாசல்ல மணல்தானே கிடக்கு" என்பார்.

சுனாமிக்குப் பிறகு, சுவர் விழுந்து முதுகு முறிந்த ஒரு மீனவருக்குச் சக்கர நாற்காலி வந்திருந்தது. அவர் தங்கியிருந்த முகாமின் மணலில் அது அச்சுவரை புதைந்தது. நாங்கள் எல்லோரும் தள்ளினோம். "சேர், என்னத் தோணியில ஏத்தி விடுங்க. அது இதவிட லேசு" என்றார் அந்த மனிதர். நானா சிரித்தார். மறுநாள் வார்டின் பின்புறத்தில் பத்து அடி எடுத்துவைக்கும் நீளத்துக்குக் கடற்கரை மணலைக் கொட்டி, இனி வீட்டுக்குப் போகிறவர்கள் இதில் போய்க்காட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். அந்த மணலைப் பார்த்து நானும் சிரித்துப் பகிடி பண்ணியிருக்கிறேன்.

பிறகு போர் மறுபடி தொடங்கியது. ஆய்வுத் தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ஆஸ்பத்திரியில் நடக்கிறாரா, வீட்டில் நடக்கிறாரா. இரண்டாவதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துத்தான் நிரப்பவேண்டும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் என் பொறுப்பு. கரடியனாற்றில் பாரிசவாதம் வந்த தங்கம்மா என்ற பெண்ணை நான் பார்க்கவேண்டியிருந்தது. சோதனைச் சாவடிகளைத் தாண்டி வாவிக்கு அப்பால் போகப் பயந்தேன். மருந்தெடுக்க வந்த மகனிடம் கேட்டேன்.

"அம்மா நடக்கிறாவா?"

"ஓம் மிஸ், நடக்கிறா."

வீட்டில் நடந்தார் என்று எழுதித் திகதியும் போட்டேன்.

வழி கொஞ்சம் திறந்ததும் நானா தனியாகக் கரடியனாறு போய்வந்தார். மகன் பொய் சொல்லவில்லை. தன் தோளில் தொங்கிக்கொண்டு அம்மா கிணற்றடிவரை இழுபடுவதை அவன் நடை என்று நினைத்திருந்தான். அதுவும் நின்றுபோய், தங்கம்மா முதுகில் படுக்கைப்புண்ணோடு கிடந்தார்.

"மிஸ் எப்ப வந்து பாத்தவ எண்டு கேட்டன். எந்த மிஸ் எண்டு கேக்கிறா அந்த மனிசி" என்றார் நானா. "பயமெண்டா, பயத்தில போகல்ல எண்டு எழுதுங்க. நடந்தா எண்டு எழுதாதீங்க. நீங்க எழுதினதப் பாத்துத்தான் நான் அவவ விட்டுட்டு மத்தாக்களப் பாக்கப் போனன்."

அந்தத் தாளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். ஏன் என்று மற்றவர்கள் கேட்டபோது, என் பெயரைச் சொல்லாமல், தன்னால் பிந்திப்போன வேலை என்றார்.

போர் முடிந்தபின் ஒருநாள், "ரோட்டு திறந்துதானே கிடக்கு. கரடியனாத்துக்குப் போவமா மிஸ்?" என்றார். அடுத்த கிழமை போவோம் என்றேன். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் எனக்கு வேலை இருந்தது. தங்கம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

அவர் இறந்த அன்று ஓட்டமாவடியில் அவருடைய மனைவி என்னிடம் ஒரு உறையைத் தந்தார். "மேசை லாச்சிய இழுத்தா உள்ள கிடந்திச்சு. மேல உங்கட பேரு" என்றார். உள்ளே அந்தத் தாள். என் எழுத்தை அவர் வெட்டவில்லை. பக்கத்தில் பென்சிலால் 'இருவரும் போகவேண்டும்' என்று எழுதியிருந்தார்.

அடுத்த கிழமை நான் கரடியனாற்றுக்குப் போனேன். தங்கம்மா இறந்து சில மாரிகாலங்கள் கழிந்துவிட்டன. வட்டையில் வயல்வேலை முடிந்து சேற்றுக் காலோடு வந்த மகன் என்னை அடையாளம் காணவில்லை.

"அந்த நானாதான் வாறவரு. அம்மாவக் கதிரையில இருத்தி வாசல்வரைக்கும் கொண்டுவருவாரு. நீங்க ஆரு?"

சொன்னேன். எழுதியதையும் சொன்னேன். அவன் காலிலிருந்த சேற்றை வாசல் மணலில் தேய்த்தான்.

"நானும் நடக்கிறா எண்டுதானே சொன்னன். இரிங்க மிஸ், தண்ணி கொண்டாறன்."

அவன் உள்ளே போனபோது தாளை மடியில் விரித்தேன். 'நடந்தார்' என்பதை வெட்டி, 'போய்ப் பார்க்கவில்லை, பயந்தேன்' என்று எழுதி அன்றைய திகதியைப் போட்டேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தத் தாள்தான். அதில் என் பங்கைத் திருத்திவிட்டேன். 'இருவரும்' என்ற அவருடைய பென்சில் எழுத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.