கம்பெனி கையில் கொடுத்த கூடம்

வீட்டை வாடகைக்கு விடுவதைத் தொழில் என்கிறார்கள். அனுபவித்தவனைக் கேட்டால் தீராத அரிப்பு என்பான். உங்களுக்கும் ஒரு வீடு இருந்து, அதை ஏதாவது கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தால், நான் சொல்லப்போவது புரியும்.

எனக்குத் தங்கவயலில், சுரங்க ஆபீசில் வேலை. மல்லேஸ்வரத்தில் ஆசை ஆசையாக ஒரு வீடு கட்டினேன். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய கூடம்! மகள் கமலாவின் கல்யாணம் அங்கேதான் நடக்கவேண்டும் என்று மேஸ்திரியோடு சண்டைபோட்டுக் கட்டியது. அதுவரை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்ள, அதே ஊரில் கன்டோன்மென்ட் பகுதியில் இருந்த ஒரு கம்பெனியை அமர்த்தினேன். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

பலகை

வீடு மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. ஆபீசில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லீவு போட்டு ரயிலேறி வந்து பார்த்தால், வாசலில் ‘வாடகைக்கு விடப்படும்’ பலகையைக் காணோம். கதவைத் திறந்தேன். பூட்டிய வீட்டுக்குள்ளே, கூடத்துச் சுவரில், புத்தம் புதிதாகத் தொங்குகிறது!

நேரே கம்பெனிக்கு ஓடினேன். மானேஜர் துரைராஜ் நிதானமாகக் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “வெளியே மாட்டினா எவனாவது விறகுக்குத் தூக்கிட்டுப் போயிடுவான் சார். உங்க பலகை பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க.”

மாடு

ஒருவழியாகக் குடித்தனம் வந்தது என்று தகவல் வந்தது. மனசு கேட்காமல் மறுபடி ரயிலேறினேன். வாசலில் நின்றபோதே சாணி நாற்றம். கமலாவுக்கென்று கட்டிய அறையில் ஒரு கறவை மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. சிவப்புச் சிமென்ட் தரை ஐயா அது, முகம் பார்க்கலாம்! நேரே கம்பெனிக்குப் போனேன். கத்தித் தீர்த்துவிட்டேன்.

துரைராஜுக்குக் கோபமே வராது. “வீட்டுல எத்தனை பேருன்னுதான் நாங்க கேக்கறது வழக்கம். மாட்டைப் பத்தி அவங்களும் சொல்லலை, நாங்களும் கேக்கலை.”

சுவர்

கமலாவுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. “கூடத்துல ஒரு பந்திக்கு எத்தனை பேர் உக்காரலாம்னு பார்த்துட்டு வாங்க” என்று என் மனைவி விரட்டினாள். வந்தேன். கூடத்தின் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, செங்கல் சுவர்! இந்தப் பக்கம் மாட்டுக்காரர்; அந்தப் பக்கம் புதிதாக இன்னொரு குடும்பம். ஒரு வீட்டை ரெண்டாக்கிவிட்டார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுபடி கம்பெனிக்கு ஓடினேன். “பொண்ணுக்குக் கல்யாணம் ஐயா! சுவரை எடுத்துட்டு வீட்டை என்கிட்டக் கொடுங்க” என்று கெஞ்சினேன். துரைராஜ் என்னை வினோதமாகப் பார்த்தார். “குடித்தனக்காரங்களுக்குத்தான் நாங்க வீடு கொடுப்போம். சொந்தக்காரங்களுக்குக் கொடுத்துப் பழக்கமில்லையே சார்!”

சாவி

அப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. நான் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்து என் மனைவிக்குத் தலை சுற்றியது. வக்கீலிடம் போகுமுன் கடைசியாக ஒரு தடவை கம்பெனிக்குப் போனேன். துரைராஜ் ஊரில் இல்லை. என்னை அறியாத புதுக் குமாஸ்தா உட்கார்ந்திருந்தான்.

“எனக்கு வீடு வேணும்! தை மாசம் கல்யாணம்!” என்று இரைந்தேன்.

“அவ்வளவுதானே? வாங்க சார், உங்களுக்குன்னே ஒரு வீடு இருக்கு” என்று சாவிக்கொத்தை எடுத்தான். ஜட்கா மல்லேஸ்வரத்தில் என் வீட்டு வாசலில் போய் நின்றது. ரெண்டு குடித்தனமும் போன வாரமே காலி செய்துவிட்டதாம். ‘அடப்பாவி, இது என் வீடு’ என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொந்தக்காரனுக்குக் கொடுத்துப் பழக்கமில்லை என்று துரைராஜ் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது, மூடிக்கொண்டேன்.

குமாஸ்தா கூடத்துச் சுவரைத் தட்டிக் காட்டினான். “இது ஒண்ணுதான் இடைஞ்சல். நீங்க சரின்னா நாளைக்கே இடிச்சுடறோம். வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க சார், அவர் ஒரு தினுசான ஆளு!”

என் பேர் தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று, மைத்துனனை அழைத்துவந்து அவன் பேரில் வீட்டை வாடகைக்கு எடுத்தேன். தூணும் இல்லாமல் சுவரும் இல்லாமல், அதே கூடத்தில் கமலாவுக்குத் தாலி ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று இன்றைக்கும் என் வீட்டில் நான் குடித்தனக்காரனாகத்தான் இருக்கிறேன். மழைக்கு ஒழுகினால், வீட்டுக்காரனைக் கொஞ்சம் கண்டித்து வைக்கும்படி கம்பெனிக்குச் சொல்லி அனுப்புகிறேன்.