ஊதி மடித்த ஓட்டு

அபியோகுட்டா சந்தையில் மிளகாய் அரைக்கும் இயந்திரம் வைத்திருந்த அபேகே, கூடவே ஒரு கல்வித்துறையும் நடத்திவந்தாள். கட்டடம் இல்லை, கட்டணம் இல்லை, பாடமெல்லாம் மீம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளைக் கைகழுவியிருந்தது. அவளும் பெருந்தன்மையாக அதை மன்னித்துவிட்டாள்.

பணம் போட்டதாகப் போலிக் குறுஞ்செய்தியைக் காட்டிக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் பேர்வழிகள் பெருகியபோது, கைபேசியை முறைக்கும் ஆட்டின் படமொன்றை எடுத்து, "மெசேஜ் வந்துச்சு. காசு வந்துச்சா?" என்று எழுதிச் சந்தையின் வாட்ஸ்அப் குழுவில் விட்டாள். அன்றிலிருந்து யாராவது போனை நீட்டினால், கடைக்காரிகள் "மே..." என்று கத்திவிட்டுத்தான் வங்கிக் கணக்கைப் பார்த்தார்கள். வேறெந்தக் கல்வித்துறைக்கு இப்படியொரு தேர்ச்சி விகிதம்?

அப்போதுதான் வியாபாரிகள் சங்கத் தேர்தல் வந்தது. தலைவர் ஒலாகுஞ்சு மறுபடி நின்றார். எதிரே, ஹஜ் போய்வந்து 'அல்ஹாஜா' பட்டம் வாங்கிய துணிக்கடைக்கார அம்மா ரிஸ்கத். போன தேர்தலில் ஒலாகுஞ்சு ஜெயித்ததாகச் சொல்வார்கள். உண்மையில் ஜெயித்தது மை. சீட்டில் மேலே தலைவரின் கட்டம், கீழே எதிராளியின் கட்டம். பெண்கள் கட்டைவிரலை மையில் தோய்த்துக் கீழே அழுத்தி, ஈரம் காயுமுன் மேலிருந்து கீழாக மடித்துப் போட்டுவிட்டார்கள். மை மேல் கட்டத்திலும் ஒட்டிக்கொண்டது. இரண்டிலும் ரேகை இருந்தால் ஓட்டு செல்லாது. தலைவரின் ஆட்களுக்கு மட்டும், எப்படி மடிப்பதென்று அவர் வீட்டு முற்றத்தில் ஆட்டுக்கறி சூப்போடு வகுப்பு நடந்திருந்தது. மற்றவர்களுக்காகச் சங்கம் விதிமுறைகளை ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டியது. அந்தத் தாள்கள் அகாரா வடை மடிக்க மிகவும் வசதியாக இருந்தன.

அபேகே தலைவரின் அறுபதாம் பிறந்தநாள் படங்களைத் தேடி எடுத்தாள். ஒன்றில் தலைவர் சூடான சூப்பை ஊதுகிறார். கன்னம் இரண்டும் பலூன். "தலைவரே ஊதுறாரு. நீயும் மையை ஊது!" இன்னொன்றில் அங்கியின் அகலமான கையைப் பக்கவாட்டில் மடித்துத் தோளில் போடுகிறார். "சீட்டையும் இப்படித்தான், பக்கவாட்டுல மடி!"

பொழுது சாய்வதற்குள் சந்தையே பாடம் படித்துவிட்டது. மகள் வுராவை வைத்து ஊரே 'வுரா அம்மா' என்றழைக்கும் அபேகேயைத் தலைவர் ஆள் அனுப்பித் தன் அறைக்கு வரவழைத்தார்.

"ஏம்மா வுரா அம்மா, ஊர்ல வேற மூஞ்சியே கெடைக்கலையா உனக்கு?"

அபேகே வழக்கப்படி மண்டியிட்டு வணங்கினாள். "பெரியவங்க மூஞ்சின்னாதாங்கய்யா சனம் நின்னு பாக்குது."

"அழிச்சிடு."

"அழிச்சிட்டேங்கய்யா. ஆனா எல்லார் போன்லயும் நீங்க ஊதிக்கிட்டேதான் இருக்கீங்க."

அறையில் யாரோ இருமினார்கள். அது இருமல்தானா என்று தலைவருக்குச் சந்தேகம்.

"மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டு வீடியோ போடு. இல்லேன்னா உன் கொட்டகைக்குப் பூட்டு. அது சங்கத்து இடம், ஞாபகம் இருக்கட்டும்!"

அந்தக் கொட்டகைதான் அவள் சோறு. மகள் வுராவின் நர்சிங் படிப்பும் அதற்குள்தான் அரைபட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிழங்குக்கடை ஒமோலாரா கெஞ்சினாள்: "கேட்டுத் தொலையேன்டி. மன்னிப்புன்னா என்ன, வாய்ல வர்ற காத்துதானே?"

"காத்துதானே? அதுக்கென்ன, நெறையவே தரேன்."

மறுநாள் வீடியோ வந்தது. அபேகே மண்டியிட்டிருந்தாள், முகத்தில் துக்கவீட்டுக் களை.

"தலைவர் ஐயா, மன்னிச்சிருங்க. மை காயற வரைக்கும் ஊதணும்னு உங்க மூஞ்சிய வச்சுச் சொன்னது தப்பு. மேலேருந்து கீழே மடிச்சா ஓட்டு செத்துரும், பக்கவாட்டுல மடிச்சாத்தான் பொழைக்கும்னு உங்க அங்கிய வச்சுச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. இந்தத் தப்ப வேற யாரும் செஞ்சிடக் கூடாது. அதனால தெளிவாக் காட்டிடுறேன்." தக்காளி விழுதில் விரலைத் தோய்த்தாள். ஒரு தாளில் அழுத்தினாள், ஊதினாள், பக்கவாட்டில் மடித்தாள்.

ஆட்டு மீமைக்கூட அவ்வளவு பேர் பார்த்ததில்லை. மத்தியானமே கொட்டகையில் பூட்டுத் தொங்கியது.

நல்லவேளையாக இயந்திரம் எண்ணெய் மாற்ற வெளியே நின்றது. அபேகே அதைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சங்க அலுவலகத்தின் ஜன்னலுக்கு நேர் கீழே, தெருவில் நிறுத்தி முடுக்கினாள். உள்ளே செயற்குழுக் கூட்டம். தலைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கத்தினார். அவள் காதில் கைவைத்துக் காட்டினாள்.

"கேக்கலீங்கய்யா! நல்லா ஊதிட்டுச் சொல்லுங்க!"

வெயிலும் மழையும் பார்க்காமல் தேர்தல்வரை அங்கேயே அரைத்தாள். வாடிக்கை குறையவில்லை, வேடிக்கை பார்க்கவே மிளகாய் வாங்கி வந்தார்கள்.

தேர்தல் நாளன்று வரிசை முழுக்க உப்பிய கன்னங்கள். தலைவர் ஓட்டுப்போட வந்தபோது சந்தையே அவர் வாயைப் பார்த்தது. ஊதினால் மானம் போகும். பக்கவாட்டில் மடித்தால் இருக்கிற மிச்சமும் போகும். விறைப்பாக மேலிருந்து கீழே மடித்துப் போட்டுவிட்டு நடந்தார். செல்லாத சீட்டுகள் கொஞ்சமே தேறின. அவற்றில் ஒன்று யாருடையது என்பதைச் சங்கத்தின் கௌரவம் கருதி யாரும் உரக்கச் சொல்லவில்லை. ரிஸ்கத் ஜெயித்தார்.

மறுநாள் அல்ஹாஜா, கொட்டகைச் சாவியோடு தெருவுக்கே வந்தார். சாவியை நீட்டவில்லை, கையில் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல வேலை செஞ்சேடி அபேகே. ஆனா இப்ப நம்ம ஆட்சி. இந்த மீம் கீம் எல்லாம் இனி எதுக்கு? நிறுத்திக்கலாமே."

அபேகே இயந்திரத்தை நிறுத்தவில்லை. "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அல்ஹாஜா. தெருவுல யாவாரம் நல்லாத்தான் போகுது." இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "அப்படியே நில்லுங்க. அந்தச் சாவிய இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

அல்ஹாஜா போனைப் பார்த்தார், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சாவியை மிளகாய்க் கூடையில் போட்டார்.

"படத்த எடுத்துத் தொலை. என் தலைத்துணி நேரா இருக்கான்னு பாத்து எடு!"