திலகவதி எலக்ட்ரிகல்ஸ் முதலாளி

கடலூர் செம்மண்டலத்து உத்திராபதியை யாராவது 'முதலாளி' என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அப்பா காலம்வரை சேற்றில் இறங்கிய குடும்பம். இன்வெர்ட்டர் கடை வைத்த பிறகுதான் அந்தச் சொல் அவரைத் தேடி வந்தது. டீக்கடைக்காரர் முதலாளி என்பார், லோடு இறக்குகிறவர் முதலாளி என்பார். மனைவி திலகவதி மட்டும் 'ஏங்க' என்பாள். அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

கடை கொழித்ததற்குக் கரண்ட் கட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நெய்வேலியில் மண்ணைத் தோண்டிக் கரண்டு எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டு, பக்கத்திலிருக்கும் கடலூர்க்காரனை விசிறியோடு உட்கார வைத்த காலம் அது. ஜனங்கள் புழுங்கப் புழுங்க உத்திராபதி வளர்ந்தார். தப்பு சொல்ல முடியாது, வியாபாரம்தானே.

வாட் வரி வந்த 2007ஆம் வருஷம், சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வியாபாரிகளுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்க ஒரு கூட்டம் நடந்தது. மதியச் சாப்பாடு உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் நல்ல கூட்டம். வக்கீல் தில்லைநாதன் மைக்கைப் பிடித்தார். சட்டப் புத்தகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கடைத்தெரு பாஷையிலேயே பேசினார்.

"குடுத்த வாக்க மீறுனா அது சிவில். ஏமாத்தணும்னே வாக்குக் குடுத்தா அது கிரிமினல். ஆளு வெச்சா தொழிலாளர் சட்டம் வரும், வித்தா வரிச் சட்டம் வரும், வித்தது சொத்தையா இருந்தா நுகர்வோர் சட்டம் வரும். எல்லாத்துக்கும் அடியில ஒப்பந்தச் சட்டம் கெடக்கு. நீங்க கிழிச்சுக் குடுக்குற பில்லே ஒரு ஒப்பந்தந்தான். இன்னொண்ணு. லைசென்ஸு யார் பேர்ல இருக்கோ, சட்டத்துக்கு அவுங்கதான் வியாபாரி. மத்தவங்கள அதுக்குத் தெரியவே தெரியாது."

மற்றவர்கள் 'லைசென்ஸை ஒழுங்காக நம் பேரில் வைத்துக்கொள்ள வேண்டும்' என்று புரிந்துகொண்டார்கள். உத்திராபதிக்கு மூளை வேறு பக்கம் ஓடியது. சட்டத்துக்குத் தெரியாத ஆளாக இருந்துவிட்டால் வரிக்காரனும் வர மாட்டான், கேஸ்காரனும் வர மாட்டான், வியாபாரம் பாட்டுக்கு வியாபாரம் நடக்கும் அல்லவா? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. மேற்கொண்டு வக்கீல் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சாம்பார் சாதம் வேறு வந்துவிட்டது.

அடுத்த மாதத்துக்குள் கடை, லைசென்ஸ், வரிப் பதிவு, பேங்க் கணக்கு எல்லாம் திலகவதி பேருக்கு மாறின. "உன் ராசிக்கு அமோகமா ஓடும்னு ஜோசியர் சொன்னாரு" என்று அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அப்படி எந்த ஜோசியரும் சொல்லவில்லை. 'திலகவதி எலக்ட்ரிகல்ஸ்' என்று புதுப் பலகை ஏறியது. அவள் ஒரு தடவை ரிக்‌ஷாவில் வந்து அதைப் பார்த்துவிட்டு, எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிப் போனாள்.

அன்றிலிருந்து கடைத்தெருவில் உத்திராபதிதான் சட்ட நிபுணர். யார் என்ன தகராறு என்று வந்தாலும், "மொதல்ல சொல்லு, சிவிலா கிரிமினலா?" என்பார். பக்கத்து ஸ்வீட் ஸ்டால்காரருக்கும் கட்டடச் சொந்தக்காரருக்கும் வாடகையில் மனஸ்தாபம். "மிரட்டுனாருல்ல? கிரிமினல்! ஸ்டேஷன்ல எழுதிக் குடு மச்சான்" என்று ஏற்றிவிட்டார். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டரு, கோர்ட்டுக்குப் போய்யா" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் திரும்பி வருவதற்குள் கட்டடக்காரர் கடைக்கு வேறு பூட்டுப் போட்டிருந்தார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். உத்திராபதி கணக்கு அவ்வளவு பெரியதில்லை. ஸ்வீட் ஸ்டால்காரர் ஒருவர்தான்.

2010 தீபாவளிக்கு முன்னால் கம்மாபுரத்திலிருந்து கொளஞ்சியம்மாள் என்ற தையல்காரப் பெண் வந்தாள். நாலு பெண்களை வைத்து மோட்டார் மெஷினில் ஜாக்கெட் தைக்கிற கடை. கரண்ட் போனால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, இன்றைக்கே இன்வெர்ட்டர் வேண்டும் என்றாள். கடையில் இன்வெர்ட்டர் இருந்தது, பேட்டரி இல்லை. வந்த கிராக்கியை விட உத்திராபதிக்கு மனசு வருமா? நேரே வீட்டுக்குப் போனார். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேட்டரியைக் கழற்றினார். துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, புதுசு என்று பில் போட்டு ஏற்றி அனுப்பிவிட்டார். திலகவதியிடம் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டு சமைத்தாள்.

பேட்டரி தீபாவளி வரை தாக்குப் பிடிக்கவில்லை. பாதி தைத்த ஜாக்கெட்டுகளைப் பார்த்து, துணி கொடுத்திருந்த கம்மாபுரத்துப் பெண்கள் கொளஞ்சியம்மாளைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். அவள் கடலூருக்கு நடையாய் நடந்தாள். உத்திராபதி ஒவ்வொரு தடவையும் பில்லின் அடியில் விரலை வைத்தார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' அந்த ஒரு வரிக்கு முன்னால் நுகர்வோர் சட்டம் கைகட்டி நிற்கும் என்று அவர் மனதார நம்பினார். கடைசித் தடவை அவள் கத்தவில்லை, சபிக்கவுமில்லை. அந்தப் பில்லைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போய்விட்டாள்.

நோட்டீஸ் வந்தது. 'திலகவதி, உரிமையாளர்' என்று முகவரி. உத்திராபதிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாத்தியா, தேடிப் பாத்தாலும் என் பேரு இல்ல!" என்று அன்றைக்கு மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அதுகூட இவ்வளவு சந்தோஷமாகப் போட்டுக்கொள்ளுமா என்று தெரியவில்லை.

தில்லைநாதனையே வக்கீலாக வைத்தார்கள். விசாரணை நாளில் மன்றத்து வராந்தாவில் வக்கீல் தான் எழுதிய பதில் மனுவைத் திலகவதியிடம் நீட்டி, "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். நிதானமாகப் படித்தாள்.

"ஏங்க, புது பேட்டரி வித்தேன்னு நான் சொல்றதா எழுதியிருக்கு."

"அது சும்மா. ஒரு கையெழுத்து தான, போடு."

"அது நம்ம வீட்டு பேட்டரி தான? ஆசிட் கொட்டி என் பச்சைப் பொடவை பொத்தலானது அதாலதான?"

உத்திராபதி தூணைப் பார்த்தார். தில்லைநாதன் அவரைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்ன விஷயம் வக்கீலுக்கே அப்போதுதான் தெரிகிறது.

"அம்மா, கையெழுத்துப் போட்டா நீங்க சொன்னதாத்தான் அர்த்தம். பொய்னு தெரிஞ்சே போட்டா அது கிரிமினல்."

ஊரெல்லாம் உத்திராபதி அள்ளி வீசிய அந்தச் சொல் இப்போது அவர் வீட்டுப் பக்கமே வந்துவிட்டது. திலகவதி காகிதத்தை மடித்து வக்கீலிடமே கொடுத்தாள். உள்ளே போய், "அந்த பேட்டரி பழசுங்க, எங்க வீட்டுல ஓடுனது" என்று சொல்லிவிட்டாள். புது பேட்டரியும் நஷ்ட ஈடும் உரிமையாளர் தர வேண்டும் என்று உத்தரவானது.

மறுநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பி வந்தாள். "என் பேர வெச்சு என்னா நடக்குதுன்னு நானும் பாக்கறேன்" என்று கல்லாவில் உட்கார்ந்தாள். அவர் ஸ்டூலுக்குப் போனார். ஒரே வாரத்தில் டீக்கடைக்காரர், "முதலாளியம்மாவுக்குச் சக்கரை கம்மி தான?" என்று கேட்க ஆரம்பித்தார். உத்திராபதி தன் டீயைத் தொடவில்லை. டீ ஆறியது.

பொறுக்க முடியாமல் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். தில்லைநாதன் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கடை என்னுதுன்னு கேஸ் போடணும் சார்."

"நான் உங்க வீட்டம்மாவோட வக்கீலுங்க. உங்களுக்குக் கேஸ் எடுக்கக் கூடாது. தெரிஞ்சவருன்னு ஒண்ணு மட்டும் சொல்றேன். கேஸ் போடலாம், சிவிலு. பொண்டாட்டி பேர்ல வெச்சது பொண்டாட்டிக்குத்தான்னு மொதல்ல சட்டம் நெனைச்சுக்கும். இல்லன்னு நீங்கதான் நிரூபிக்கணும். எதுக்கு அவுங்க பேர்ல போட்டீங்கன்னு கேப்பாங்க."

"வரிக்குத் தப்பிக்கத்தான்..."

"அத சத்தமா சொன்னீங்கன்னா சிவில்ல ஜெயிச்சாலும் ஜெயிப்பீங்க. வெளிய வரிக்காரங்க காத்துட்டிருப்பாங்க. பின்னாடியே கொளஞ்சியம்மா, ஏமாத்துனது இவருதான்னு ஸ்டேஷனுக்குப் போவாங்க."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது.

"அப்ப சட்டத்துக்கு நான் யாரு சார்?"

"சம்பளம் வாங்குறீங்களா?"

"இல்ல."

"அப்ப தொழிலாளியும் இல்ல. முதலாளியோட வீட்டுக்காரரு. கடைக்கு வந்து போறீங்க, அவ்வளவுதான்."

அவர் திரும்பி வந்தபோது கடை வாசலில் குட்டியானை லோடு வண்டி நின்றது. அதில் புது பேட்டரி ஏறியிருந்தது. திலகவதி எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

"கம்மாபுரத்துக்குப் போறதுங்க. நீங்களே போயி மாட்டிக் குடுத்துட்டு வந்துருங்க. பழச அனுப்புனவரு நீங்கதான."

மறுத்துப் பேச ஒரு வாக்கியம் தேடினார். எந்தச் சட்டத்திலும் கிடைக்கவில்லை. டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் அவமானமாக இருந்தது.

தையல் கடையில் கொளஞ்சியம்மாள் இல்லை, சந்தைக்குப் போயிருந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"யாருங்கண்ணா?"

'நான்தான் திலகவதி எலக்ட்ரிகல்ஸ் முதலாளி' என்பது அவர் வாய்வரை வந்தது. அந்த நாலு சொல்லுக்குள் வரிச் சட்டம் இருந்தது, கிரிமினல் சட்டம் இருந்தது. விழுங்கிக்கொண்டார்.

"முதலாளியம்மா அனுப்புனாங்கம்மா" என்றார் உத்திராபதி. "பேட்டரிய எங்க வெக்கணும்?"